ஏரி மேல் ஒரு தறிக்கூடம்

2025 மார்ச் 28 அன்று மியான்மரை உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்துக்கு ஷான் மாநிலத்து இன்லே ஏரியின் ஊர்களும் தப்பவில்லை. தண்ணீருக்குள் மரக்கால் ஊன்றி நின்ற வீடுகள் ஏராளமாகச் சாய்ந்து விழுந்தன. அழகான சுற்றுலாத் தலம் ஒன்று சிதைந்துபோனதே என்று செய்தி எழுதியவர்கள் பலர் வருந்தினார்கள். வருத்தத்தில் குறையில்லை. ஆனால் அந்த ஏரியில் இருக்கும் இன்போகோன் என்ற ஊரின் தறிக்கூடங்களைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே வீடும் தறி, கத்தி, படகு என்ற வரிசையில் வரும் தொழில் கருவிதான். அதை வெறும் காட்சியாகப் பார்த்துப் பழகியதால்தான், உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறவரின் கூலி நம் கண்ணில் படாமல் போகிறது.

இன்லே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆழமற்ற ஏரி. கோடையில் சராசரி ஆழம் இரண்டு மீட்டர்தான். மழைக்காலத்தில் இன்னும் ஒன்றரை மீட்டர் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்க உயரத்தில் சேற்றில் கால் நட்டு, தளம் போட்டு, மூங்கில் தட்டியால் சுவர் எழுப்பிக்கொள்கிறார்கள் இந்தா இன மக்கள். ஒற்றைக் காலில் நின்று மறு காலால் துடுப்பைச் சுற்றிப் படகு வலிக்கும் அவர்களுடைய ஆண்களைப் படங்களில் பலரும் பார்த்திருப்போம். நீர்த்தாவரங்களைப் பாத்தியாகக் கட்டி, அதில் தக்காளி விளைவிக்கும் மிதக்கும் தோட்டங்களும் பேர்பெற்றவை. தாமரை நூல் தொழிலைப் பற்றி அந்த அளவுக்கு வெளியே தெரியாது. ஏரியில் பறித்த தாமரைத் தண்டு படகில் நேராக வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. பறித்த அன்றோ மறுநாளோ நூல் இழுத்தாக வேண்டும். தண்டு காய்ந்தால் இழை வராது. இழுத்த நூலுக்கும் தறியில் ஓடும் நூலுக்கும் ஈரம் வேண்டும். பறிக்கும் இடமும் இழுக்கும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இந்தத் தொழில் நடக்கும். தண்ணீர் மேல் வீடு கட்டியதன் பொருளாதாரப் பயன் இதில் தெளிவாகத் தெரிகிறது.

தாமரை நமக்கு அன்னியமான செடி அல்ல. நம் குளங்களில் பூக்கும் அதே இனம்தான் அங்கும். தாமரைத் தண்டுத் திரி போட்டு விளக்கேற்றும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஆனால் தண்டிலிருந்து துணி என்பது வேறு கணக்கு. ஐந்தாறு தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, சிறு கத்தியால் மேலோட்டமாகச் சுற்றிக் கீறி, ஒடித்துத் திருகி இழுக்கிறார்கள். சிலந்தி நூல் போல இருபது முப்பது இழைகள் நீள்கின்றன. அவற்றை ஈரமான பலகை மேல் கிடத்தி உள்ளங்கையால் உருட்டினால் ஒரே நூலாகத் திரள்கிறது. அடுத்த இழுப்பின் இழையை முந்தைய நூலின் நுனி மேல் படியவிட்டு மறுபடியும் உருட்டுகிறார்கள். முடிச்சு கிடையாது, கையின் அழுத்தம்தான் இணைப்பு. ஓர் இழுப்புக்கு ஒரு முழம்கூடத் தேறாது. ஒரு கஜத் துணிக்கு முப்பதாயிரம் தண்டுகளுக்கு மேல் வேண்டும் என்பது நெசவாளர்கள் சொல்லும் கணக்கு. அகலத்துக்கும் நெருக்கத்துக்கும் தக்கபடி அது மாறலாம்; பாதியாகவே குறைத்துக்கொண்டாலும் அது மலைக்க வைக்கும் எண்தான். கஞ்சி போடுவது, பாவு ஓட்டுவது, தறியில் நெய்வது எல்லாம் நெசவு ஊர்களை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. இந்தத் துணியின் விலை முழுவதும் அந்த ஈரப் பலகையில்தான் உருவாகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இது அப்படியொன்றும் தொன்மையான கலை இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், சாயிங்கான் ஊரைச் சேர்ந்த சா ஊ என்ற பெண் ஒரு பௌத்தத் துறவிக்குக் காணிக்கையாகத் தாமரை நூலில் சீவர ஆடை நெய்தார். தொழில் அவரிடமிருந்து தொடங்கியது என்பதே ஏரி மக்கள் சொல்லும் வரலாறு. அவருக்குப் பிறகு தளர்ந்த தொழிலை உறவினர்கள் மீட்டெடுத்தார்கள். அந்த ஏரியில் பட்டு நெசவு இதைவிடப் பழையது. ஆகவே ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்ற விளம்பரம் பொய். ஆனால் வயதை வைத்து மட்டும் ஒரு கைத்தொழிலை மதிப்பது சரியல்ல. ஒரு பெண் தன் கண்ணெதிரே கிடந்த செடியிலிருந்து கண்டுபிடித்து, அக்கம்பக்கத்துப் பெண்களின் கைக்கு வந்து, பிழைப்பாக நிலைத்த தொழில் இது. கடவுளும் அரசரும் தந்ததாகக் கதை கட்டப்பட்ட தொழில்களைவிட இதற்கு மரியாதை கூடுதலாகவே தரலாம்.

சுற்றுலாவும் வெளிநாட்டுச் சந்தையும்தான் இதைக் காப்பாற்றின என்பது இன்னொரு வாதம். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2010 வாக்கில் இத்தாலியின் லோரோ பியானா நிறுவனம் இந்தத் துணியை எடுத்துக்கொண்டு, ஐயாயிரம் டாலரைத் தாண்டிய விலையில் கோட்டு தைத்து விற்றது. பயணிகள் படகு படகாக வந்து இழுப்பதைப் பார்த்து, கழுத்துத் துண்டு வாங்கினார்கள். ஆனால் 2020-இல் கொரோனா, 2021 பிப்ரவரியில் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு என்று அடுத்தடுத்து அடி விழுந்து பயணிகள் நின்றபோது நட்டம் எங்கே போய்ச் சேர்ந்தது? விற்காத துணி முதலாளியின் அலமாரியில் சரக்காகவாவது இருக்கும். இழுக்காத நாளுக்கு இழுப்பவரிடம் எதுவும் மிஞ்சாது. இடைத்தரகரே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் தண்டு வாங்கக் காசு போட்டு, துணி விற்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, மொழி தெரியாத ஊரில் வாங்குபவரைத் தேடிப் பிடிப்பதும் வேலைதான். அதற்கு ஆதாயம் வேண்டும். ஆனால் லாபம் வந்தால் மேலே ஏறிப்போகிறது, நட்டம் வந்தால் கீழே இறங்கிவிடுகிறது. இதற்கு வணிகம் என்ற பெயர் பொருந்தாது. பயணிகளைப் பட்டறைக்குக் கூட்டி வருகிறவருக்குக் கழிவு உண்டு, கடைக்காரருக்குப் பங்கு உண்டு, ஏற்றுமதி செய்பவருக்குப் பங்கு உண்டு. பண்டத்தையே உண்டாக்கிய கைக்கு மட்டும் பங்கு கிடையாது, கூலிதான்.

கூலியைக் கூட்டினால் துணி விலை ஏறி, வாங்க ஆள் இருக்காது என்பார்கள். மலிவான பண்டத்துக்கு அந்த வாதம் செல்லும். தாமரைத் துணியை யாரும் மலிவுக்காக வாங்குவதில்லை. கையால் இழுத்தது என்பதற்காகவே வாங்குகிறார்கள். மலிவு வேண்டியவருக்குப் பட்டு கலந்து நெய்த துணி அங்கேயே கிடைக்கிறது. கைவேலையைக் காட்டித்தான் விலை ஏற்றுகிறார்கள் என்றால், ஏற்றிய விலையில் அந்தக் கைக்குப் பங்கு கேட்பது எப்படி மிகையாகும்?

கூலியோடு ஏரியையும் சேர்த்துப் பேச வேண்டும். தண்டின் நீளம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. நீண்ட தண்டில் கூடுதல் முறை ஒடித்து இழுக்கலாம். 1935-க்கும் 2000-க்கும் இடையில் இன்லேயின் திறந்த நீர்ப்பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மிதக்கும் தோட்டங்கள் பெருகியது இதற்கு முக்கியக் காரணம். சுற்றுமலைகளில் காடு அழிந்து சேறு இறங்குவதும் சேர்ந்துகொண்டது. தக்காளி போடுகிறவரும் ஏழைதான், அவரை விரட்டிவிட்டுத் தாமரையைக் காக்க முடியாது என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் கூலிக் கேள்வி முதலில் வருகிறது. தாமரையால் ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கலாம் என்ற நிலை வந்தால், ஏரியின் ஒரு பகுதியைத் தாமரைக்கு விட்டுவைக்க ஊரே முன்வரும். 2015-இல் யுனெஸ்கோ இந்த ஏரியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தப் பெருமை இழுப்பவரின் அடுப்பில் உலை வைக்காது.

இன்லேக்கு உதவ நினைக்கும் அமைப்புகள் வீடு கட்டித் தருவதோடு நிற்காமல், நூல் இழுக்கும் பெண்கள் தாங்களே தண்டு வாங்கி, நூலைத் தாங்களே விற்பதற்கு முதல் கொடுக்க வேண்டும். துணியை விற்பவர்கள் விலைச் சீட்டில் இழுப்புக் கூலி எவ்வளவு என்று தனியாக அச்சிட வேண்டும். வாங்குகிறவர்கள் அந்தத் தொகையைக் கேட்டு வாங்க வேண்டும். சொல்ல மறுக்கிற கடையில், எவ்வளவு அழகான துணியானாலும், வாங்காமல் வந்துவிடுங்கள்.