டேபிள் உருவாகலையா? கொஞ்சம் பொறுங்க!



பைத்தானில் நாம் பழகுவது எஸ்.கியூ.லைட் என்ற தரவுத்தளம். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் உருவாக்கியது. 2006-ல் வந்த பைத்தான் 2.5 முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. நம் பிளஸ் டூ கணினி அறிவியலில் 2019-ல் இது பாடமாக வந்தது.

இந்த வருஷம் எங்க வகுப்பில் நூலகப் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றினோம். மூணு நாள் மதியம் உட்கார்ந்து இருநூறுக்கு மேல அடிச்சோம். நாலாம் நாள் நிரலை ஓட்டினா, 'டேபிள் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்'னு சிவப்பு எழுத்து! "டிராப் டேபிள் போட்டுட்டு முதல்லேர்ந்து ஓட்டலாம்டி"ன்னு தோழி கை வைக்கப் போயிட்டா. டீச்சர் தடுத்துட்டாங்க. "நீங்க அடிச்சதெல்லாம் உள்ளே இருக்குன்னுதாம்மா அது சொல்லுது. டிராப் போட்டா மூணு நாள் உழைப்பும் போச்சு!" என்றார்.

அன்று நாங்கள் குறித்துக்கொண்டவை:

1. 'ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' வந்தால், கிரியேட் டேபிள் என்பதை அடுத்து 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' சேர்க்கணும். ஆனா பழைய டேபிள் அப்படியே இருக்கும். புது நெடுவரிசை வேணும்னா ஆல்டர் டேபிள்தான்.

2. 'நோ சச் டேபிள்' வந்தால், கோப்பின் பெயரையும் போல்டரையும் பாருங்க. பெயரில் ஓரெழுத்து மாறினாலும் கனெக்ட் திட்டாது. சத்தமில்லாமல் புதுசா ஒரு காலிக் கோப்பைத் திறந்துடும். அதில் டேபிள் எப்படி இருக்கும்?

3. 'சின்டாக்ஸ் எர்ரர்' வந்தால், 'நியர்' என்பதற்குப் பக்கத்தில் என்ன இருக்குன்னு படிங்க. அங்கே அடைப்புக்குறி இருந்தால், கடைசி நெடுவரிசைக்குப் பிறகு ஒரு காற்புள்ளி மிச்சமிருக்கலாம். 'ஆர்டர்', 'குரூப்' இருந்தால், அவை எஸ்.கியூ.எல். தனக்கென்று வைத்துக்கொண்ட சொற்கள். நெடுவரிசைக்கு வேறு பெயர் வைங்க.

4. டேபிள் இருக்கு, உள்ளே ஒண்ணுமில்லையா? 'கமிட்' கொடுக்காமல் மூடியிருப்பீங்க.

நம்ம பூவராகர் கோயில் தேர் நகரலைன்னா யாராவது தேரைப் பிரிப்பாங்களா? சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இருக்கான்னுதானே முதல்ல குனிஞ்சு பார்ப்பாங்க! செய்முறைத் தேர்விலும் அப்படித்தான். சிவப்பு எழுத்தைக் கண்டதும் அழிக்காதீங்க. அதன் கடைசி வரியை நிதானமா ஒரு தடவை படிங்க.

நூலகப் பட்டியலில் புத்தகம் தேட விரும்புவோர் மதிய இடைவேளையில் கணினி அறைக்கு வரலாம்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு