மூன்று எண்ணும் ஓர் எழுத்தும்

காவலர் கூண்டின் சன்னலுக்கு வெளியே ஒரு பலகை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நீளமான வருகைப் பதிவேடு, நூலில் கட்டிய பேனா. சிங்கப்பூரில், புக்கிட் தீமா பக்கம் ஒரு கொண்டோவின் வாசல். உள்ளே இருந்தவருக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கும். என் முகத்தைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறினார்.

"எந்த வீடு தம்பி? பேரு, வண்டி நம்பர், ஐசி கடைசி நாலு எழுதிடுங்க."

'கடைசி நாலு' என்றால் அடையாள அட்டை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களும் முடிவில் நிற்கும் ஆங்கில எழுத்தும். இந்த ஊரில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தனை வருடத்தில் மக்களுக்கு எதைப் புரியவைத்திருக்கிறது என்று பார்க்கக் கிளம்பியவன், சிற்றேடுகளையும் சுவரொட்டிகளையும் விட்டுவிட்டு இங்கே வந்து நின்றதற்கு அந்த இரண்டு வார்த்தைதான் காரணம்.

பதிவேட்டில் எனக்கு முந்தைய வரிகளின்மேல் பழைய நாட்காட்டி அட்டை ஒன்றை வெட்டி வைத்திருந்தார். எழுத வேண்டிய வரி மட்டும் தெரிந்தது. ஐசி எண்ணுக்கான கட்டம் முழு எண்ணும் கொள்ளும் அகலத்தில் அச்சாகியிருந்தது. அதன் நடுவே பேனாவால் கோடு இழுத்து, பாதியை அடித்துவிட்டிருந்தார்கள்.

"முந்தியெல்லாம் அட்டையையே வாங்கி வச்சுக்குவோம்" என்று பின்சுவரைக் காட்டினார். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மரப்பெட்டி. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். அட்டையைக் கொடுத்தால் வருகையாளர் பாஸ், பாஸைக் கொடுத்தால் அட்டை. இப்போது அந்த அறைகளில் சாவிக்கொத்துகளும் ஒரு கோடாலித் தைலப் புட்டியும் இருந்தன. "ஒரு நாளு ரெண்டு பேரு அட்டை மாறிப்போச்சு. ராத்திரி டூட்டி முடிச்சு ஜூரோங் வரைக்கும் போயி மாத்திக் குடுத்துட்டு வந்தேன். இப்ப அந்தத் தொல்லை இல்ல."

அந்தத் தொல்லை தீர்ந்த தேதி 2019 செப்டம்பர் 1. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012லேயே வந்துவிட்டது. 2013 சனவரியில் ஆணையம் அமைந்தது. ஆனால் சாதாரண ஆளுக்கு அது முதலில் தட்டுப்பட்டது 2014 சனவரியில், 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டின் வழியாக. எண்ணைப் பதிந்தால் விற்பனை அழைப்புகள் நிற்கும். என் அம்மாவுக்குத் தரவு என்றால் என்னவென்று தெரியாது. தொலைபேசி அடங்கியது தெரிந்தது. அடுத்ததாக 2018 ஆகஸ்டில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் நடப்புக்கு வந்தது. சட்டம் கேட்டாலோ, ஆளைத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலோ ஒழிய, நிறுவனங்கள் அடையாள எண்ணைக் கேட்கக் கூடாது; சட்டம் கேட்டாலொழிய அட்டையைப் பிடித்துவைக்கவும் கூடாது. கிளினிக்கிலும் ஹோட்டலிலும் கொடுக்கலாம். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு எதற்கு?

அந்த நேரத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையே இருக்கவில்லை. 2018 சூன் கடைசியிலும் சூலை தொடக்கத்திலுமாக சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி, அடையாள எண் எல்லாம் திருடுபோயின. அவர்களில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். அடுத்த சனவரியில் ஆணையம் சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினிகளை நடத்திய அமைப்புக்குமாகச் சேர்த்து 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் போட்டது. எந்த விளம்பரத்தைவிடவும் அந்தச் செய்தி காப்பிக்கடை மேசைகளில் அதிகம் பேசப்பட்டது என்பேன்.

மேலே ஒன்பதாம் மாடியில் என் பழைய கணக்கு வாத்தியார். கீழே எழுதிய நாலைச் சொன்னேன். சிரித்தார்.

"மூணு நம்பரும் எழுத்தும் சொல்லிட்டே. உன் வயசு எனக்குத் தெரியும்" என்று ஒரு காகிதத்தை எடுத்தார். 1968லிருந்து இங்கே பிறந்தவர்களுக்கு ஏழு இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. கடைசி மூன்றை நான்தான் கொடுத்தேன். மீதி இரண்டு இலக்கம், அதாவது நூறு வாய்ப்பு. முடிவெழுத்து சும்மா ஒட்டியதில்லை, மற்ற இலக்கங்களிலிருந்து 11ஆல் வகுத்துக் கணக்கிட்டு வருவது. அதை வைத்து வடிகட்டினார். தேநீர் ஆறுவதற்குள் காகிதத்தில் ஒன்பது எண்கள் நின்றன. ஆறாவது என்னுடையது. எந்த எண்ணுக்குச் செய்தாலும் ஒன்பதோ பத்தோதான் மிஞ்சும் என்றார்.

அரசும் இதைத்தான் சொன்னது, ஆனால் சொன்ன நேரம்தான் மோசம். 2024 டிசம்பர் 9 அன்று நிறுவனப் பதிவு ஆணையத்தின் புதிய பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் வந்தது. விஷயம் பரவி 13ஆம் தேதி தேடலை நிறுத்துவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தேடல்கள். எண் என்பது பெயரைப் போன்றதுதான், ரகசியமல்ல, பாதியை மறைப்பது பொய்யான தெம்பைத் தருகிறது என்று அரசு விளக்கியது. 19ஆம் தேதி அமைச்சர் ஜோசஃபின் டியோ மன்னிப்புக் கேட்டார். அரசு அமைப்புகளை இந்தத் தரவுச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

விளக்கத்தில் தவறில்லை என்பது வாத்தியாரின் காகிதத்திலேயே இருக்கிறது. ஆனால் ஐந்து வருடமாகக் கட்டத்தை அடித்து, பெட்டியைக் காலியாக்கி, 'மறை' என்று கைக்குப் பழக்கிவிட்டு, ஒரு வாரத்தில் 'மறைத்துப் பயனில்லை' என்றால் கை கேட்குமா? ஏன் மறைக்கிறோம் என்பதை அந்தக் கட்டம் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கே அது உறைத்தது ஒரு மருத்துவப் பரிசோதனை அறிக்கையில்தான். மின்னஞ்சலில் பூட்டுப்போட்டு வந்தது. திறவுகோல்? என் அடையாள எண். வாசலில் நாலு எழுத்துக்கு மேல் தராதவன், அதே எண்ணைப் பூட்டின் சாவியாகப் பல வருடம் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். உண்மையான ஆபத்து இங்கேதான். எண் தெரிந்தவனெல்லாம் நான் ஆகிவிடலாம். 2025 சூனில்தான் தரவு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, அடையாள எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள் என்று நிறுவனங்களுக்கு ஆலோசனைக் குறிப்பு விட்டன. அந்தச் செய்தி வந்த வாரம் நான் யாரிடமும் அதைப் பற்றிய பேச்சைக் கேட்கவில்லை.

கீழே இறங்கி பாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது வாத்தியாரின் கணக்கைக் காவலரிடம் சொன்னேன்.

"அப்ப இந்த நாலும் வேஸ்ட்டா?" என்றார். கோபமில்லை, கொஞ்சம் சோர்வு. "அது கெடக்கு தம்பி. நீங்க எழுதினதப் பாத்தா உள்ள விட்டேன்? வாத்தியாருக்கு போன் அடிச்சேன், அவரு சரின்னாரு, விட்டேன்."

அதற்குள் உணவுப் பெட்டியோடு ஒரு பையன் வந்து நின்றான். என் வரி மறையும்படி நாட்காட்டி அட்டையை ஒரு விரல் கீழே இழுத்துவிட்டு, பேனாவை அவனிடம் நீட்டினார்.

"இந்த நாட்காட்டி அட்டைய வைக்கக் கம்பெனியில சொன்னாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. இங்க வேலைக்கு வர்ற பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு. 'அங்கிள், நான் எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குப் போறேன்னு எனக்குப் பின்னால வர்றவங்க எல்லாம் படிக்கிறாங்களே'ன்னு. அன்னைக்கு வெட்டினது."