விரற்கறையும் வெள்ளித் துணிக்கையும்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய பகுதிகளிற் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளைக் கூர்ந்து நோக்கியவர்கள், அவர்தம் விரல்நுனிகளிற் படிந்துள்ள கருங்கபிலக் கறையைக் கண்டிருப்பர். கொழுந்து மடுவத்தில் நிறை பார்த்து, பீலியிற் கைகழுவி, லயத்திற்குத் திரும்பிய பின்னரும் அக்கறை அகல்வதில்லை. அதனை அழுக்கென்பார் சிலர். உழைப்பின் சின்னமென்பார் வேறு சிலர். இரசாயனவியல் கூறும் விளக்கமோ பிறிதொன்று. ஒடிபட்ட இலையின் சாற்றிலுள்ள பொலிபீனோல்கள், காற்றிலுள்ள ஒட்சிசனுக்குத் தம் இலத்திரன்களைக் கொடுத்து, நிறம் மாறி நிற்கும் நிலையே அக்கறை. சுருங்கக் கூறின், அது கொடுத்ததன் தழும்பு.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்ட நாள்முதல், இவ்விலையின் மதிப்புக் கோப்பையைக் கொண்டே அளக்கப்பட்டு வந்துள்ளது. 1925இல் நிறுவப்பட்டு, இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் விளைச்சல், நோய், தரம் ஆகியவற்றையே பெரிதும் ஆராய்ந்தது. ஆயின், இலத்திரனைக் கொடுக்கும் இலைக்குக் கோப்பைக்கு அப்பாலும் ஒரு பணி உண்டென்பதை இந்நூற்றாண்டின் அறிவியல் காட்டியுள்ளது. அப்பணி வெள்ளியைச் சார்ந்தது.

வெள்ளி நுண்ணங்கிகளுக்குப் பகை என்பது பழைய செய்தியே. 1880களின் தொடக்கத்தில் ஜேர்மனிய மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைத்திரேற்றுத் துளியை இட்டுப் பார்வையிழப்பைத் தடுத்தார். இன்றைய ஆய்வு அவ்வுலோகத்தை மிக நுண்ணிய துணிக்கைகளாக்குகின்றது. ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு கூறே நனோமீற்றர். இத்துணிக்கைகளின் அளவு ஒன்று முதல் நூறு நனோமீற்றர் வரை அமையும். துணிக்கை சிறுக்கச் சிறுக்க, அதே நிறை வெள்ளியின் புறப்பரப்புப் பெருகும். அதன் தாக்கமும் பெருகும்.

இவற்றை ஆக்குதற்கு ஐதரசீன் போன்ற நச்சுப் பொருள்கள் பயன்பட்டு வந்தன. அவை செய்யும் வேலை ஒன்றே: வெள்ளி அயனுக்கு ஓர் இலத்திரனைக் கொடுத்து உலோக வெள்ளியாகத் தாழ்த்துதல். அதனை ஓர் இலை செய்யமாட்டாதா? பூனா தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் முரளி சாஸ்திரியும் அவர்தம் குழுவினரும் 2003இல் ஜெரேனிய இலையைக் கொண்டும், 2004இல் வேப்பிலையைக் கொண்டும் இதற்கு விடை கண்டனர். 2008இல் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகத்தைச் சேர்ந்த நாடகவுடா, வர்மா ஆகிய இருவரும் தேயிலை, கோப்பி ஆகியவற்றின் சாற்றினால் அறை வெப்பநிலையிலேயே அதனை நிகழ்த்திக் காட்டினர்.

செய்முறை எளிது. ஒரு லீற்றர் நீரில் 0.17 கிராம் வெள்ளி நைத்திரேற்றைக் கரைத்து, அதனுள் வடித்த இலைச்சாற்றைச் சேர்த்தல் வேண்டும். தெளிந்த நீர் மஞ்சளாகி, பின்னர் கபிலமாகும். துணிக்கைகள் 400 முதல் 450 நனோமீற்றர் வரையிலான அலைநீளமுடைய ஒளியை உறிஞ்சுவதே அந்நிறத்திற்குக் காரணம். இலத்திரனைக் கொடுத்த பொலிபீனோல்கள் விலகிச் செல்லாது, துணிக்கையைச் சூழ்ந்து போர்வையாய் அமைந்து, அவை ஒன்றோடொன்று திரளாவண்ணம் காக்கின்றன. இதனால் ஒரே துணிக்கையில் இரு முரண்பட்ட பண்புகள் கூடுகின்றன. உள்ளிருந்து கசியும் வெள்ளி அயன்கள் பற்றீரியாவின் கலமென்சவ்வைச் சிதைத்து, புரதங்களைப் பிணித்து, கலத்தினுள் ஒட்சியேற்றத்தைத் தூண்டிக் கொல்கின்றன. புறத்தேயுள்ள இலைப்பொருளோ ஒட்சியேற்றத்தைத் தணிக்கின்றது. கொல்வது உலோகம், தணிப்பது இலை.

இதனைப் ‘பசுமைத் தொகுப்பு’ என்கின்றனர். அச்சொல் ஆக்கும் வழியைக் குறிக்குமேயன்றி, ஆக்கப்பட்ட பொருளின் தீங்கின்மையைக் குறிக்காது. வெள்ளி, நோய்க்கிருமி இதுவென்றும் மண்ணை வளப்படுத்தும் நுண்ணங்கி இதுவென்றும் பகுத்தறியாது. மகாவலிக்கும் களனிக்கும் தலைநீர் தருவன இம்மலைகளே. இங்கு நீரிற் கலப்பது நாடெங்கும் இறங்கிச் செல்லும். ஆய்வுகூடத் தட்டிலே பற்றீரியா மடிந்தது என்பதும், நோயாளி குணமடைந்தான் என்பதும் ஒன்றல்ல. இரண்டிற்குமிடையே நெடுந்தூரம் உண்டு.

பிறிதொன்றையும் மறைத்தல் தகாது. ஒரு லீற்றர் கரைசலுக்குச் சில கிராம் இலையே போதும். ஆகவே, இக்கண்டுபிடிப்பினாற் கொழுந்தின் விலை ஏறப்போவதில்லை. பறிப்பவளின் நாட்சம்பளமும் உயரப்போவதில்லை. அவளுக்கு இதனாற் பயன் விளையுமாயின், அது சந்தை வழியாக அன்று, வேறு வழியாகவே விளைதல் வேண்டும். பாதுகாப்பான குடிநீர் கிடைக்கும் வீதம் இந்நாட்டிற் பெருந்தோட்டத் துறையிலேயே மிகக் குறைவு என்பதை அரச அளவீடுகள் காட்டியுள்ளன. வெள்ளி பூசிய மண்வடிகள் சில நாடுகளிற் குடிநீரைத் தூய்மையாக்கி வருகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளியைத் தாங்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் கருதுகின்றது. அவ்வெல்லைக்குள் நின்று, லயத்துப் பீலி நீருக்கேற்ற மலிவான வடியொன்றை ஆக்க முடியுமா என்பதே இங்குக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அது தூய நீர்க் குழாய்க்கு ஈடாகாது. குழாய் வரும்வரை குழந்தைகளின் வயிற்றைக் காக்கலாம்.

லயத்திற் பிறந்து பல்கலைக்கழக ஆய்வுகூடம் வரை வந்த மாணவியொருத்தி, குடுவையிற் கபிலநிறம் படர்வதைக் காணும்போது புதியதொன்றைக் காண்பவளாகமாட்டாள். தாய் சோறூட்டிய விரல்களில் அவள் நாளும் கண்ட நிறத்திற்கு அது நெருங்கிய உறவு. ஓரிடத்தில் ஒட்சிசன் பெற்றதையே மற்றோரிடத்தில் வெள்ளி பெறுகின்றது. கொடுப்பது இரண்டிடத்தும் ஒரே இலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுத்தே வந்த மலைக்கு அறிவியல் எதைத் திருப்பிக் கொடுக்கும் என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. விடைதேடும் கடமையோ அவளுக்கு மட்டும் உரியதன்று.