ஒரு சொல்லும் பல வினைகளும்

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றொரு சொல் உண்டு. எழுத்து மூன்றே, பொருளோ ஏராளம். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில், மிகுதியான பொருள் தரும் சொல்லாக ‘செட்’ விளங்கியது. அடுத்த பதிப்புக்காக ‘ரன்’ என்பதை ஆராய்ந்த அறிஞர்கள், வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் இருக்கக் கண்டனர். மனிதன் ஓடுவதையும் நீர் ஓடுவதையும் குறித்துவந்த பழஞ்சொல்லுக்கு, இரயிலும் தொழிற்சாலையும் கணினியும் வந்தபின் புதுப்பொருள்கள் மேன்மேலும் சேர்ந்தன.

மொழிபெயர்ப்பு வகுப்பில் இச்சொல்லை நான் அடிக்கடி சந்திப்பதுண்டு. “என் தந்தை ஒரு கடை ஓடுகிறார்” என்று எழுதுகிறான் ஒரு மாணவன். “எனக்கு மூக்கு ஓடுகிறது” என்கிறாள் ஒரு மாணவி. வகுப்பு சிரிக்கிறது. ஆயினும் இது சிரித்துவிட்டுக் கடந்துபோகத் தக்கதன்று.

தமிழில் கடையை நடத்துகிறோம், மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது, வீட்டில் அரிசி தீர்ந்துவிடுகிறது. அமெரிக்கர் தேர்தலில் ‘ஓடுகின்றனர்’. நாமோ, பிரிட்டானியரைப் போலவே, தேர்தலில் ‘நிற்கிறோம்’. ஆங்கிலம் ஒரு சொல்லை வைத்த இடங்களில் தமிழ் இத்தனை வினைகளை வைத்திருக்கிறது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைகள் நம் நாட்டில் பலர். அவர்களுக்கு வகுப்பறையே தமிழ் ஒலிக்கும் இடம். அங்கும் எல்லாவற்றுக்கும் ‘ஓடு’ என்பதே போதும் என விட்டுவிட்டால், ஒழுகுதலும் தீர்தலும் நடத்துதலும் அவர்கள் நாவுக்கு எட்டாமலே போய்விடும்.

பல பொருள் தரும் ஒரு சொல்லை எவ்வாறு உணர்வது என்பதைத் தொல்காப்பியர் அன்றே வகுத்துள்ளார். உடன்வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளிவாகும் என்பது அவர் கருத்து. ‘மா தளிர்த்தது’ என்றால் மரம். ‘மா கனைத்தது’ என்றால் குதிரை. இவ்விதி தமிழுக்கு மட்டுமன்றி ‘ரன்’ என்பதற்கும் பொருந்துகிறது.

ஆகவே, என் மாணவர்களிடம் அச்சொல்லின் பொருளை முதலில் கேட்பதில்லை. “ஓடுவது எது? ஆறா, கடையா, மூக்கா?” என்று கேட்கிறேன். விடை கிடைத்ததும், உரிய தமிழ் வினையை அவர்களே தேடத் தொடங்குகிறார்கள். மொழிபெயர்ப்புப் பாடம் அப்போதுதான் தமிழ்ப் பாடமும் ஆகிறது.