எப்போது அணைகிறது?

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வோடு வளர்ந்தவர்களுக்கு அதன் இரைச்சல் இன்னும் காதில் இருக்கும். எனக்கோ, அந்த இரைச்சல் சட்டென்று நின்றுபோகும்போது வீட்டில் விழும் நிசப்தம்தான் அதிகம் நினைவிருக்கிறது. உலையில் அரிசி பாதி வெந்திருக்கும். அம்மா கையில் அகப்பையோடு ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு பம்பை நோக்கிக் கை போகும்.

உடையார்பாளையம் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். எங்கள் தெருவில் பல வீடுகளில் முன்கட்டில் குழித்தறியும் பின்கட்டில் அடுப்புமாக இருக்கும். சுற்றிலும் முந்திரிக்காடு என்பதால் விறகுக்கும் சருகுக்கும் பஞ்சமில்லை. ஆனால் விறகுப் புகை தறியில் ஏறிய பாவுக்கு ஆகாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைத்தார்கள். அதனால் எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஒரு பித்தளை ஸ்டவ் வந்துவிட்டது. ஊர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர், 2007இல் அரியலூர் என்று மாவட்டத்தின் பெயர் பின்னால் மாறிக்கொண்டே வந்தது. ரேஷன் கடை மண்ணெண்ணெயை அம்மா கடைசிவரை கிருஷ்ணாயில் என்றுதான் சொன்னார்.

கடைவீதியில் ஸ்டவ் பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். ஒரு சாக்கு விரிப்பு, நான்கைந்து ஸ்பானர்கள், ஒரு தகர டப்பா நிறைய வாஷரும் நிப்பிளும். அவ்வளவுதான் அவருடைய கடை. ஸ்டவ்வைக் கொண்டுபோய் வைத்தால் உடனே அதைத் தொடமாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "எப்ப அணையுது தம்பி?"

அணைகிறது என்பதைத்தானே சொல்லவந்தோம், எப்போது அணைந்தால் என்ன என்று சிறுவயதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கேள்வியில்தான் அவருடைய தொழில் முழுவதும் இருந்தது என்பது பிறகு புரிந்தது.

இந்த ஸ்டவ்வின் மூதாதை 1892இல் ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் செய்த பிரைமஸ். திரி கிடையாது. தொட்டிக்குள் பம்பால் காற்றை அடைக்கிறோம். அந்த அழுத்தம் மண்ணெண்ணெயைக் குழாய்வழி மேலே தள்ளுகிறது. சூடான பர்னருக்குள் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசித்துளை வழியாகப் பீறிட்டு, காற்றோடு கலந்து நீலமாக எரிகிறது. எரியும் சூட்டில் அடுத்த சொட்டு ஆவியாகிறது. சூடு, அழுத்தம், துளை, காற்று ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் சங்கிலி அறுந்துவிடும். எது தவறியது என்பதை அணைகிற நேரம் சொல்லிவிடும்.

பற்றவைத்ததுமே மஞ்சளாகக் குதித்து அணைந்தால் பர்னர் போதுமான அளவு சூடேறவில்லை. கிண்ணத்தில் ஸ்பிரிட்டை இன்னும் கொஞ்சம் எரியவிட வேண்டும். நன்றாக எரிந்து சில நிமிடங்களில் இரைச்சல் மெலிந்து, பின் குத்தியதும் உயிர்பெற்றால் நிப்பிளில் கரி. பம்ப் அடித்தால் எழுந்து, விட்டால் மெல்ல மெல்லத் தணிந்தால் எங்கோ காற்று கசிகிறது. மூடியைச் சுற்றிச் சோப்புநீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். படபடவென்று துப்பித் துப்பி அணைந்தால் எண்ணெயில் தண்ணீர். பம்ப் கைக்குக் கனமே இல்லாமல் உள்ளே போனால் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கிறது. இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு விரலால் நீவி விரித்தால், மறுபடி குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ளும்.

அந்தத் தோல் வாஷரைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட் குழுவினர், வழியில் தாங்கள் சேமித்து வைத்திருந்த எண்ணெய்த் தகரங்கள் குறைந்து கிடப்பதைக் கண்டார்கள். மூடிகளிலிருந்த தோல் வாஷர்கள் கடுங்குளிரில் கெட்டுப்போய் எண்ணெய் கசிந்து ஆவியாகியிருந்தது. அவர்கள் திரும்பி வராமல் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அடுப்புக்கு எண்ணெய் போதாமல் போனது அவற்றில் ஒன்று. அவர்களுக்கு முன்பே துருவத்தை எட்டிய அமுண்ட்சென் தன் தகரங்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார்.

பழுது பார்ப்பவர் சலிக்காமல் சொன்ன எச்சரிக்கை ஒன்று உண்டு. தீ தணிந்தால் கை தானாகப் பம்புக்குப் போகும். அந்தக் கையைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நிப்பிள் அடைத்திருக்கும்போது பம்ப் அடிப்பவர் பழுதைத் தீர்க்கவில்லை, தொட்டிக்குள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார். சூடான ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றுவதும், அரைகுறைச் சூட்டில் அவசரமாக மறுபடி கொளுத்துவதும் அதே வகை. "அணையுற ஸ்டவ்வால ஆபத்து இல்ல தம்பி. அணைஞ்சத விடமாட்டேன்னு அடிக்கிறோம் பாரு, அதுலதான் ஆபத்து."

'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி அந்த ஆண்டுகளில் நாளிதழ்களில் அடிக்கடி வரும். அவற்றில் விபத்துகளும் இருந்தன. விபத்தென்று எழுதப்பட்ட கொலைகளும் இருந்தன. 1986இல் வரதட்சணை மரணத்துக்கென்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவைச் சேர்க்கும் அளவுக்கு அவை பெருகின. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்கிற நடைமுறையும் வந்தது. ஒருநாள் அப்படி ஒரு செய்தியைத் தேநீர்க்கடைக்காரர் உரக்கப் படிக்க, இவர் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "வெடிச்சதுன்னா டேங்க் கிழிஞ்சிருக்கணும். கிழியாத ஸ்டவ் எப்படிங்க வெடிக்கும்?" கடையில் யாரும் பேசவில்லை. அவருக்குத் தெரிந்தது வாஷரும் நிப்பிளும்தான். ஆனால் ஒரு பொருள் எப்படிக் கெடும் என்று தெரிந்தவரிடம், அதன் பேரில் பொய் சொல்வது கடினம்.

பல ஆண்டுகள் கழித்து அவருடைய கேள்வியைக் கனடாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டி வந்தது. என் தம்பி அங்கே இருக்கிறான். வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் மரவேலை செய்வது அவன் பொழுதுபோக்கு. பனிக்காலத்தில் புரொப்பேன் சிலிண்டரில் எரியும் ஒரு சிறிய கணப்பை அங்கே வைத்துக்கொள்கிறான். சென்ற குளிர்காலத்தில் அது அணைந்து அணைந்து போகிறது என்று தொலைபேசியில் புலம்பினான். அதிலிருக்கும் உணர்கருவிதான் கோளாறு, அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்யப்போவதாகச் சொன்னான்.

"எப்பப்பா அணையுது?" என்று கேட்டேன்.

"அதான் அடிக்கடி அணையுதேண்ணே."

"அது இல்ல. பத்த வெச்சு எத்தனை நிமிஷத்துல?"

அவனுக்குத் தெரியவில்லை. எழுதி வை என்றேன்.

இத்தகைய கணப்புகளில் சிறு வழிச்சுடர் ஒன்று எப்போதும் எரியும். அதன் நுனியில் வெப்ப இரட்டை என்கிற உலோக முனை இருக்கிறது. சூட்டில் அது சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் உண்டாக்கும். அந்தச் சிறு மின்சாரம்தான் ஒரு மின்காந்தத்தின் வழியாக எரிவாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் முனை ஆறும், வால்வு மூடும். பொத்தானை விட்டவுடனே அணைந்தால் அந்த முனை அழுக்கேறியிருக்கலாம், தேய்ந்திருக்கலாம். சில நிமிடங்களில் அணைந்தால் வழிச்சுடரின் குழாயில் தூசியோ சிலந்திவலையோ இருக்கலாம், காற்று அடிக்கலாம், அல்லது கடுங்குளிரில் சிறிய சிலிண்டர் போதுமான ஆவியைத் தராமல் இருக்கலாம். புரொப்பேன் கொதிப்பதே சுழியத்துக்குக் கீழே 42 பாகையில். குளிர் அதை நெருங்க நெருங்க அழுத்தம் விழும்.

தம்பி முதலில் குறித்து அனுப்பியவை ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் என்று இருந்தன. மரத்தூள் பறக்கும் இடமாயிற்றே. வழிச்சுடரின் குழாயை ஊதிச் சுத்தம் செய்தான். பிறகும் அணைந்தது, ஆனால் இப்போது முக்கால் மணிநேரம் கழித்து. மூன்று நாளும் ஏறக்குறைய அதே முக்கால் மணி. தூசியென்றால் இப்படிக் கடிகாரம் பார்த்து அணையாது. கொட்டகையில் வேறு என்ன மாற்றினாய் என்று கேட்டபோதுதான், சூடு வீணாகாதிருக்க வேலைமேசையைச் சுற்றி ஒரு மூலையைப் பிளாஸ்டிக் விரிப்பால் தரைவரை தடுத்திருப்பதைச் சொன்னான்.

நம் பக்கத்துப் பழங்கிணறுகள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. நெடுநாள் புழங்காத கிணற்றில் தூர் வார இறங்குமுன், ஒரு லாந்தரைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. எல்லா விஷவாயுவையும் விளக்கு காட்டாது. அதை மட்டும் நம்பி இன்று யாரும் இறங்கக் கூடாது. ஆனால் உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லை என்பதை மனிதனுக்கு முன்னால் சுடர் அறியும் என்ற அந்த அறிவு உண்மையானது. தம்பியின் கணப்பில் இருப்பதும் அதே லாந்தர்தான். காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் இருக்க வேண்டிய பிராணவாயு 18 சதவீதத்தை நெருங்கினால், வழிச்சுடர் நிலைகுலைந்து வெப்ப இரட்டையை விட்டு விலகும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். முனை ஆறுகிறது, வால்வு மூடுகிறது. கழற்றி எறியச் சொன்ன அந்தக் கருவி, மூன்று நாளாக அவனைக் கிணற்றில் இறங்காதே என்று தடுத்துக்கொண்டிருந்தது.

பிராணவாயு குறைந்த இடத்தில் நெருப்பு அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உறக்கத்திலேயே முடித்துவிடும். 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற எட்டுப்பேர், தாமன் என்ற மலையூர் விடுதி அறையில், கதவு சன்னல்களை அடைத்து எரிவாயுக் கணப்பை வைத்து உறங்கி, எழுந்திருக்கவில்லை. அவர்களில் நால்வர் குழந்தைகள். நம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கியவர்கள் இறந்த செய்திகள் குளிர்காலங்களில் வருகின்றன. வெப்ப நாட்டுக்காரர்களான நமக்குக் குளிரென்றால் எல்லாவற்றையும் அடைத்துச் சாத்துவதுதான் முதல் யோசனை.

தம்பி விரிப்பைக் கழற்றி, கொட்டகைக் கதவை ஒரு சாண் உயர்த்திவைத்து மறுபடி ஏற்றினான். இரண்டு மணிநேரம் கழித்து அவனே அணைத்தானாம். உணர்கருவி அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது. கூடவே கார்பன் மோனாக்சைடு வந்தால் கூவுகிற எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறான்.

"கதவைத் தொறந்து வெச்சா சூடே நிக்க மாட்டேங்குதுண்ணே" என்றான். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.