மீண்டும் எழுதுகிறேன்

உம்மா மௌத்தான பின் நான்கு வருடங்களாக ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

அன்புவழிபுரத்தில் என்னிடம் படித்த ஒரு பையன், கொரியாவுக்குத் தொழிலுக்குப் போக மொழிப் பரீட்சைக்குத் தயாரானான். அவனுக்குத் துணையாக நானும் கொரிய எழுத்தான ஹங்குலைப் படிக்கத் தொடங்கினேன். பாமரரும் எளிதாய் எழுதவேண்டும் என்று செஜோங் மன்னர் 1446இல் வெளியிட்ட எழுத்து அது. அதன் அடிப்படை மெய்யெழுத்துக்கள், ஒலிக்கும்போது நாவும் வாயும் கொள்ளும் வடிவைக் காட்டுபவை. எழுத்தில் தொடங்கிய ஆசை அவர்களின் நாடகம், சாப்பாடு, பெரியவரை விளிக்கும் முறை என்று வளர்ந்தது.

ஒருநாள் தாயை அழைக்கும் சொல் வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன்: 'ஒம்மா.' குரல் அடைத்துக்கொண்டது.

“என்ன சேர்?”

“ஒண்டுமில்ல மகன்.”

அன்றிரவு பழைய கொப்பியைத் திறந்தேன். முதலில் எழுதிய சொல், உம்மா.