சுக்கான் கற்றுத் தந்த பாடம்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ஈஸ்ட் கோஸ்ட் கடலில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றேன். ஒருவர் மட்டுமே செலுத்தும் லேசர் படகு அது. படகைத் திருப்பும் பலகையான சுக்கான், கதவு கீலில் தொங்குவதுபோல் பின்புறத்தில் வெளியே தொங்கும். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். நான் அதை ஓயாமல் தள்ளியும் இழுத்தும் வந்தேன். “சுக்கானை அதிகம் திருப்பினால் வேகம் குறையும்,” என்றார் பயிற்றுநர். நான் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் படகு கவிழ்ந்தது. நிமிர்த்தியபோது சுக்கான் கழன்றிருந்தது. அதைக் கழலாமல் பிடித்துக்கொள்ளும் சிறு தகட்டைப் புறப்படுமுன் நான் சரிபார்க்கவில்லை! அலையில் அதை மீண்டும் பொருத்தவும் முடியவில்லை. இடப்பக்கமிருந்து வீசிய காற்று, வலப்பக்கப் பாறைகளை நோக்கி என்னைத் தள்ளியது.

“உடலைச் சாய்த்துத் திருப்புங்கள்!” என்று பயிற்றுநர் விசைப்படகிலிருந்து கத்தினார். படகை வலப்பக்கம் சாய்த்தேன்; அது மெல்ல இடப்பக்கம் திரும்பியது. பாயை இழுத்துப் பிடித்தேன். பாறைகள் விலகிச் சென்றன.

இன்றும் கடலில் இறங்குமுன் அந்தத் தகட்டை விரலால் அழுத்திப் பார்ப்பேன். படகு நகரத் தொடங்கியதும் சுக்கானை மென்மையாகவே பிடிப்பேன்.